கடுமையான ரசாயனம் இல்லாமல் ஓவனின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: தீபாவளிக்குப் பலகாரம் சுட்ட மின் ஓவனில் பிசுக்கு படிந்துவிட்டது, வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருப்பதால், காஸ்டிக் சோடா கலந்த தெளிப்பானுக்கு மாற்று வேண்டும். உங்கள் கவலை மிகவும் நியாயமானது.

ஆப்ப சோடாவே போதும். ஓவன் ஆறியபின் மின் இணைப்பைத் துண்டித்து, அரைக் கோப்பை சோடாவில் சில மேசைக்கரண்டி நீர் சேர்த்துக் களிம்பாகக் குழைத்து, சூடேற்றும் கம்பிகளில் படாமல் உட்சுவரிலும் கதவுக் கண்ணாடியிலும் தடவி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். சோடாவின் மென்மையான காரத்தன்மை கொழுப்பை இளக்கும். அதன் நுண்துகள்கள் எனாமலை அவ்வளவாகக் கீறாமல் அழுக்கைத் தேய்த்தெடுக்கும்.

காலையில் ஈரத்துணியால் வழித்தெடுத்தபின் எஞ்சும் வெண்படிவத்தை மட்டும் வினிகர் தொட்டுத் துடையுங்கள். பலரும் முதலிலேயே இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலையாக்குவதால் நுரை பொங்குமே தவிர, சுத்தம் செய்யும் வலு குறைந்துவிடும்.

கம்பித் தட்டுகளைப் பாத்திரச் சோப்பு கரைத்த வெந்நீரில் ஊறவைக்கலாம். அலுமினியத் தட்டுகளில் மட்டும் சோடா வேண்டாம், கறுத்துவிடும். பலமுறை சூடேறி அரக்குபோல் இறுகிய பழைய கறைக்கு, இதையே மறுநாள் இரவும் செய்ய வேண்டியிருக்கும்.