கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேனும் உங்கள் மகளின் மேற்படிப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

பக்கவாதம் வந்த தாத்தாவுக்குக் கழுத்தில் டாப்ளர் என்னும் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் எடுத்ததைப் பார்த்த நாள் முதல், உங்கள் மகள் அந்தத் துறையில்தான் சேர வேண்டும் என்று சொல்வதாகக் கடலூரிலிருந்து எழுதியிருந்தீர்கள். அவர் பார்த்த அந்த ஸ்கேனைச் செய்தவர் பெரும்பாலும் மருத்துவராகவே இருந்திருப்பார். நம் நாட்டில் அல்ட்ராசவுண்டு கருவிகள் 1994-ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால், அந்தப் பணி மருத்துவரல்லாத, கருவி இயக்கப் பயின்ற டெக்னாலஜிஸ்டுகளிடம் விடப்படுவதில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இதற்கெனப் பயின்ற சோனோகிராபர்கள் உண்டு. அவர்களின் சம்பளத்தை இணையத்தில் பார்த்துவிட்டு இங்கே கணக்குப் போட வேண்டாம்.

டாப்ளர் கழுத்துத் தமனியில் ரத்தம் பாயும் வேகத்தை அளக்கிறது. குழாய் குறுகிய இடத்தில் அந்த வேகம் கூடும். அது நொடிக்கு 230 செ.மீ.யைத் தாண்டினால் அடைப்பு 70 விழுக்காட்டுக்குக் குறையாது என்று மதிப்பிடுவர். ஆனால் அடைப்பின் அளவு மட்டுமே ஆபத்தைச் சொல்லிவிடாது. கொழுப்புப் படிவின் மேலுறை மெலிந்திருக்கிறதா, உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ.யே நன்றாகக் காட்டுகிறது. அங்கே நோயாளி எச்சில் விழுங்கினாலும் படம் கலங்கும். சி.டி. ஆஞ்சியோகிராமிலோ, ரத்தக்குழாய் படத்தில் தெளிவாகத் தெரிவதற்காகச் செலுத்திய மருந்து தமனியில் நிறைந்து, பக்கத்துச் சிரைகளை எட்டுவதற்கு முந்தைய சில நொடிகளுக்குள் படமெடுத்தாக வேண்டும். இந்த இரண்டு கருவிகளையும் இயக்குவது டெக்னாலஜிஸ்டின் வேலை. படம் சரியாக அமையாவிட்டால், அறிக்கை எழுதும் மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை.

ஆகவே, டாப்ளர்தான் வேண்டுமென்றால் எம்.பி.பி.எஸ். முடித்து ரேடியாலஜியில் மூன்றாண்டு எம்.டி. படிக்க வேண்டும், எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சி.டி., எம்.ஆர்.ஐ. போதுமென்றால் ரேடியாலஜி, இமேஜிங் டெக்னாலஜியில் பி.எஸ்சி. இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரிலும் இத்துறைப் படிப்பு உண்டு. ஆனால் கடலூர் தமிழ்நாட்டைச் சேர்ந்தது என்பதால், பக்கத்தில்தானே இருக்கிறது என்று புதுச்சேரிக்காரர்களுக்கான ஒதுக்கீட்டை நம்பியிருக்காதீர்கள்.

கதிர்வீச்சு பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ் கதிர் கிடையாது. சி.டி.யில் உண்டு என்றாலும், பணியாளர் காப்பிட்ட அறையிலிருந்தே கருவியை இயக்குவார். சட்டையில் அணியும் டி.எல்.டி. பட்டை அவர் மேல் படும் கதிர்வீச்சின் அளவைப் பதிவு செய்யும். ஓராண்டில் அது 30 மில்லிசீவர்ட்டை (கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி.

தனியார் கல்லூரியில் சேர்ப்பதாக இருந்தால், அவர்களின் மருத்துவமனையில் சொந்த எம்.ஆர்.ஐ. இருக்கிறதா, மாணவர்களை அதில் கைவைக்க விடுகிறார்களா என்பதைக் கட்டணம் கட்டுமுன் அங்கே படிக்கும் மாணவர்களிடமே கேளுங்கள்.