மலை வீட்டுக்கு ஒரு குக்கர்

கேள்வி: கொடைக்கானலில் உள்ள எங்கள் வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறோம். டிவி வாங்கியாயிற்று. வேறென்ன வைக்கலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: டிவி கிடக்கட்டும், முதலில் பிரஷர் குக்கர் வாங்குங்கள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. போன டிசம்பரில் நாங்கள் தங்கிய வீட்டில் ஆறு பீங்கான் கோப்பைகள் இருந்தன, குக்கர் இல்லை. குழந்தைக்குப் பருப்பு சாதம் ஊட்ட இரவு 9 மணியாகிவிட்டது! அப்புறம் கம்பளி, ஆளுக்கு இரண்டு. கீசர் சுவிட்ச் எது என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். நள்ளிரவில் உங்களுக்குப் போன் வராது. ஈரத்துணி காயப்போட ஒரு கொடிக்கயிறும் வேண்டும். அது இல்லாத கதையை என் மாமியார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.