மீட்டர் 12 வோல்ட் காட்டினாலும் நம்பாதீர்கள்

கேள்வி: இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி (NAS, நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமிக்கும் பெட்டி), ஸ்விட்ச் போட்டதும் எரிந்து சில நொடியில் அணைகிறது, மறுபடி எரிகிறது. அடாப்டரில் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது. பெட்டி போய்விட்டதா?

பதில்: அடாப்டர் மேல்தான் சந்தேகம். சுமை இல்லாதபோது 12 வோல்ட் காட்டுவது பெரிய விஷயமில்லை. 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது ஒவ்வொன்றும் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அடாப்டருக்குள் கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சேமித்துத் தரும் பாகம்) உலர்ந்திருந்தால் அந்த நொடியில் மின்னழுத்தம் சரிந்து, பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். நிலையாக ஓடினால் அடாப்டர்தான் குற்றவாளி என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

புதிய அடாப்டரில் வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். அடாப்டர் ஒயர் முனையில் இருக்கும் 5.5 மி.மீ. உருண்டைப் பின்னில் உள்துளை 2.1, 2.5 என இரு அளவு உண்டு. மாறினால் லூசாக இருக்கும், அல்லது நுழையவே நுழையாது. நடுமுனை பாசிட்டிவா என்று லேபிளில் பாருங்கள். நான்கு பின் வகையா? பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அளக்காமல் செருகாதீர்கள்.

கழற்றிய டிஸ்க்குகளை அதே ஸ்லாட்டில், பவர் அணைத்துப் போடுங்கள். திரையில் ‘இனிஷியலைஸ்’ (டிஸ்க்கைப் புதிதாகத் தயார் செய்வது) என்று கேட்டால் மட்டும் தொடவே தொடாதீர்கள், டேட்டா போய்விடும்.