பீரோவில் பூட்டிய கவிதை நோட்டும் ஒரு கெமிஸ்ட்ரி சீட்டும்

போன வாரம் சிவகாசியிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா பட்டாசு ஆலையில் போர்மேன். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவள், நீட்டில் அரசு சீட்டுக்கான மார்க் வரவில்லை. இன்னொரு வருஷம் கோச்சிங்கா, இல்லை வீட்டை அடமானம் வைத்துத் தனியார் மருத்துவக் கல்லூரியா என்று கேட்டார்கள். தாய்மாமாவும் பெரியப்பாவும் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

அரை மணி நேரம் அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. அப்பாவின் வேலையைப் பற்றிக் கேட்டதும்தான் பேசினாள். ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு தரும், பேரியம் பச்சை தரும், நல்ல நீலம் மட்டும் ஏன் அமைவதில்லை என்று எட்டாம் வகுப்பிலேயே அப்பாவைக் கேட்டிருக்கிறாள். பதிலைப் பின்னால் அவளே தேடிப் பிடித்தாளாம்: நீலத்துக்கான தாமிரச் சேர்மம் அதிகச் சூட்டில் சிதைந்துவிடும், சூட்டைக் குறைத்தால் வெளிச்சம் மங்கிவிடும். "இதெல்லாம் நல்லா பேசுவா சார், ஆனா கவிதை எழுதுறேன்னு நோட்டு நோட்டா கிறுக்கித்தான் மார்க்கை விட்டுட்டா" என்றார் அம்மா. அந்த நோட்டுகள் இப்போது பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன.

பத்து நிமிஷம் ஆறுதல் சொன்னேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்வது அவர்களுக்குச் செய்யும் துரோகம் என்று தோன்றியது. அண்ணாச்சி, வீட்டை வைக்காதீர்கள். மருத்துவம் நல்ல படிப்புதான், ஆனால் கேட்காத பிள்ளைக்காகப் பல லட்சம் கடன் வாங்கி அந்த வட்டியை அவள் தலையிலேயே ஏற்றுவதற்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன். கட்டப்போவது மாமா இல்லை, நீங்களும் அவளும்தான்.

ஒரு கெமிஸ்ட்ரி பேராசிரியரின் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். ரோல்ட் ஹாஃப்மன், 1937-இல் போலந்தில் பிறந்தவர், அந்த ஊர் இன்று உக்ரைனில் இருக்கிறது. அப்பாவை நாஜிகள் கொன்றுவிட்டார்கள், அம்மாவும் பிள்ளையும் ஒரு பள்ளிக்கூடத்துப் பரணில் ஒளிந்திருந்து பிழைத்தார்கள். 1949-இல் அமெரிக்கா போன பிறகு, 1955-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்புக்கு முந்தைய படிப்பில்தான் சேர்ந்தார். அங்கே அவரை இழுத்தது கவிதை வகுப்பும் கலை வரலாறும், கிட்டத்தட்ட அந்தப் பக்கமே போயிருப்பார். கோடை விடுமுறையில் ஆய்வகங்களில் செய்த வேலை அவரை வேதியியலில் நிறுத்தியது. 1962-இல் ஹார்வர்டில் பிஎச்டி, 1965-இல் உட்வர்டு என்ற வேதியியலாளருடன் சேர்ந்து எந்த வினை சூட்டில் நடக்கும், எது ஒளியில் நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் விதிகள், அதே வருஷம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலை, 1981-இல் ஃபுகுயி என்ற வேதியியலாளருடன் நோபல். நாற்பது வயதை ஒட்டித்தான் கவிதை எழுதத் தொடங்கினார், 1987-இல் முதல் தொகுப்பு வந்தது. அப்புறம் நாடகமும் எழுதினார். கவிதை அவருடைய வேதியியலைக் கெடுக்கவில்லை அம்மா.

உங்கள் மகளுக்கு நான் சொல்வது பி.எஸ்சி. வேதியியல், அதுவும் அரசுக் கலைக் கல்லூரியில். சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். கட்டணம் மிகக் குறைவு, அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அலைடு பாடமாக, அதாவது துணைப் பாடமாக, கணிதமும் இயற்பியலும் இருக்கிறதா என்று கேளுங்கள், விலங்கியல் வேண்டாம். மூன்றாம் வருஷத்தில் ஜாம் என்று ஒரு தேர்வு வரும். ஐஐடிகளில் எம்.எஸ்சி., பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) எம்.எஸ்சி.யும் ஆராய்ச்சிப் பட்டமும் சேர்ந்த ஒருங்கிணைந்த பிஎச்டி இரண்டுக்கும் அதுதான் வாசல். பிப்ரவரியில் நடக்கும், 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். வேதியியல் தாளிலேயே அடிப்படைக் கணிதமும் வரும், கணிதத்தைப் பயந்து ஒதுக்கியவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். முதல் வருஷத்திலிருந்தே பழைய வினாத்தாளை எடுத்து உட்கார்ந்தால் போதும், லட்சக்கணக்கில் கோச்சிங் தேவையில்லை.

எம்.எஸ்சி. முடிக்கும்போது சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் பிஎச்டிக்கு முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. படிக்கிற பிள்ளைக்கு அரசாங்கம் சம்பளம் தருகிறது, இதைச் சொன்னபோது அண்ணாச்சி நம்பாமல் இரண்டு தடவை கேட்டார்.

கஷ்டத்தையும் மறைக்கவில்லை. பிஎச்டிக்கு ஐந்து வருஷம், பெரும்பாலும் அதற்கு மேல் போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆராய்ச்சி வேலையில் வெளியூரிலோ வெளிநாட்டிலோ சில வருஷம், நிரந்தர வேலை கிடைக்கும்போது முப்பதைத் தாண்டியிருப்பாள். நடுவில் கெஸ்ட் லெக்சரராகக் குறைந்த சம்பளத்தில் நிற்க நேரலாம். நிரந்தர உதவிப் பேராசிரியர் ஆனால் ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. இடையில் "கல்யாணம் எப்போ" என்று பெரியப்பா கேட்பார், அதற்கு இப்போதே வீட்டில் ஒரு முடிவு எடுத்து வையுங்கள். அவள் பாதி வழியில் இருக்கும்போது எடுக்காதீர்கள்.

கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம் தனியாக ஒன்று கேட்டேன், நீட் மறுபடி எழுத ஆசையா என்று. "இல்ல சார்" என்றாள், யோசிக்கவேயில்லை. அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கல்லூரி விண்ணப்பத்துக்குச் சான்றிதழ் எடுக்க எப்படியும் அந்த பீரோவைத் திறப்பீர்கள் அம்மா, அப்போதே நோட்டுகளையும் எடுத்து அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.