நாற்பதுக்கு மேல் முதல் ஸ்கி: வெங்கன் சரியான ஊரா?

கேள்வி: நாங்கள் சுவிற்சர்லாந்தில் பேர்ணில் வசிக்கிறோம். 10 வயது மகன் பாடசாலை ஸ்கி (பனிச்சறுக்கு) முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து, பெப்ரவரி விடுமுறைக்குக் குடும்பமாக வெங்கன் மலையூருக்குப் போவோம் என்கிறான். எனக்கும் கணவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஒருநாளும் ஸ்கி பலகை மாட்டியதில்லை. எதை வாங்குவது, எப்படித் தொடங்குவது?

பதில்: தாராளமாகப் போங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வெங்கன் மிக நல்ல ஊர். ஊருக்குள் கார் ஏறாது. காரைக் கீழே உள்ள லவுட்டர்புருன்னன் ஊரில் விட்டுவிட்டு, 1893 முதல் ஓடும் பற்சக்கர ரயிலைப் பிடித்தால் கால் மணி நேரத்தில் 1,274 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடலாம். பயிற்சிச் சரிவு ஊரின் நடுவிலேயே இருக்கிறது. முதல் நாட்களில் ஆளைக் களைக்க வைப்பது சறுக்குவதைவிட, கனமான சப்பாத்தோடு பலகையைத் தூக்கித் திரிவதுதான். தங்குமிடத்தை அந்தச் சரிவுக்குக் கிட்ட எடுங்கள்.

பலகை, சப்பாத்து, தடி, தலைக்கவசம் எதையும் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். மிச்சமாகும் காசை ஆசிரியருக்குக் கொடுங்கள். மகன் சொல்லித் தருவான் என்று நம்பி இறங்க வேண்டாம். பெரியவர்களுக்கான குழு வகுப்பில் இருவரும் சேருங்கள். முழு மலைக்குமான பயணச்சீட்டும் தொடக்கத்தில் தேவையில்லை. எது போதும் என்று ஸ்கிப் பள்ளியிலேயே கேளுங்கள்.

வாடகைக் கடையில் அவசரப்படாதீர்கள். மெல்லிய, நீளமான காலுறை ஒன்று போதும். குளிருமென்று இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடித்தால் சற்றுப் பின்வாங்க வேண்டும். குதிக்கால் மேலெழும்பினால் சப்பாத்து பெரிது. எடை, உயரம், வயது, அனுபவம் கேட்பார்கள். கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். விழும்போது பலகை எந்த அழுத்தத்தில் கழல வேண்டும் என்பதை அதை வைத்துத்தான், சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் பூட்டில் அமைக்கிறார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் பலகை தேவையில்லாமல் கழலும், அனுபவத்தைக் கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்காலைத் திருகிவிடும்.

இங்கே பாதைகளுக்கு நீலம், சிவப்பு, கறுப்பு என்று மூன்று நிறம். நீலம்தான் எளிது, கறுப்பு மிகக் கடினம். நீலப் பாதையை விட்டு விலகாதீர்கள். கீழே போகிறவருக்குத்தான் முன்னுரிமை. மேலிருந்து வருகிறவர்தான் விலக வேண்டும். நிற்பதென்றால் ஓரத்தில் நில்லுங்கள். பின்னேரத்தில் கால் சோரும், பனியும் இறுகும். விபத்துக்கு ஏற்ற நேரம் அது. 2,061 மீட்டரில் உள்ள கிளைன ஷைடெக் கணவாய் வரை போயிருந்தாலும் பலகையோடு ரயிலில் ஏறித் திரும்பலாம். இந்த வசதிக்காகவே வெங்கனை நான் பரிந்துரைக்கிறேன்.

நம் நிறத்துக்கு வெயில் சுடாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்தில் அடிக்கும். கண்ணாடியும் களிம்பும் கட்டாயம்.

ஊரையும் கொஞ்சம் கவனியுங்கள். 1930இல் தொடங்கிய இவ்வூரின் லவுபர்ஹோர்ன் ஸ்கிப் பந்தயம் ஜனவரியில் முடிந்திருக்கும். நீங்கள் சறுக்கும் சரிவுகளில் பல, கோடையில் மாடு மேயும் புல்வெளிகள். வேலி கட்டிய இடத்துக்குள்ளும் காட்டுக்குள்ளும் பலகையோடு நுழைய வேண்டாம். குளிர்காலத்தில் மிரண்டு ஓடும் விலங்குக்கு அந்த ஓட்டமே உயிருக்கு உலை. எதிரே வருகிறவருக்கு பேர்ணில் சொல்வதுபோல் ‘குரியெஸ்ஸெக்’ என்று வணக்கம் சொல்லுங்கள்.

போகுமுன் காப்புறுதியைப் பாருங்கள். ஒரே முதலாளியிடம் வாரம் 8 மணி நேரமாவது வேலை செய்கிறவருக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் முதலாளி வழியாகக் காப்பு உண்டு. மகனுக்கும், வேலையில் இல்லாதவருக்கும் மருத்துவக் காப்புறுதியில் விபத்து சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். ஹெலிகாப்டர் மீட்புக்கு எவ்வளவு தருவார்கள் என்றும் கேட்டு வையுங்கள். அவசர மருத்துவ எண் 144, மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414. இரண்டையும் மகனின் கைப்பேசியிலும் பதிந்துவிடுங்கள்.