மூன்று படிகளைக் கணக்கில் சேர்த்தீர்களா?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. விசைத்தறி ஓட்டியவர். நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் செயலிழந்துவிட்டன. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன், மாதம் ₹16,000. வாடகை வீடு, வாசலில் மூன்று படிகள். மகளின் கல்லூரிச் செலவுக்காக வங்கியில் ₹1,40,000 வைப்புத்தொகையாகப் போட்டிருக்கிறோம். கடையில் பேட்டரி சக்கர நாற்காலி மாதம் ₹6,500 வீதம் 12 தவணை, வட்டியே கிடையாது, வருமான வரியிலும் சலுகை உண்டு என்கிறார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ₹72,000. கையால் தள்ளுவது ₹9,000. தெருமுனை டீக்கடைக்கு யாரையும் கூப்பிடாமல் போய்வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. வைப்புத்தொகையை உடைத்துவிடலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: உடைக்காதீர்கள் அம்மா. தவணைக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். இப்போதைக்குக் கையால் தள்ளும் நாற்காலியே போதும். உங்கள் கணவரின் ஆசை தவறு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஆசைக்காகத்தான் சொல்கிறேன்.

வாசலில் மூன்று படிகள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் அதைப் பற்றிக் கேட்டாரா? படி ஒன்றுக்கு ஆறு அங்குலம் என்றால் மொத்தம் பதினெட்டு அங்குல உயரம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது சரிவுப்பாதைக்கான கணக்கு. அப்படியானால் உங்கள் வாசலுக்குப் பதினெட்டு அடி வேண்டும். வாடகை வீட்டில், சந்துக்குள், அதற்கு இடம் எங்கே? நீளத்தைக் குறைத்துச் செங்குத்தாகப் பலகை போட்டால் வண்டி பின்புறமாகக் கவிழும். சாதாரண நாற்காலி பதினாறு, பதினெட்டு கிலோதான் இருக்கும். பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் பிடித்தால் ஆளோடு இறக்கிவிடலாம். பேட்டரி வண்டியில் பல மாடல்கள் முப்பது, நாற்பது கிலோவைத் தாண்டும். அதை ஆளோடு தூக்க முடியாது. எழுபத்திரண்டாயிரம் கொடுத்து வாங்கிய வண்டி கூடத்தில் துணி காயப்போடும் இடமாகிவிடும். அப்படி ஆன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் முதலில் வீட்டை மாற்ற முடியுமா என்று பாருங்கள். படியில்லாத தரைத்தள வீட்டுக்கு வாடகை ஆயிரம் ரூபாய் கூடினாலும் ஆண்டுக்கு ₹12,000தான். அவர் டீக்கடைக்குப் போக வழி திறப்பது அந்தப் பணம்தான். முன்பணத்தைப் பழைய வீட்டுக்காரரிடமிருந்து முழுதாகத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

அடுத்தது காலம். பக்கவாதத்துக்குப் பின் உடல் தேறுவது முதல் சில மாதங்களில்தான் வேகமாக இருக்கும். நான்காவது மாதத்தில் நிற்க முடியாத ஒருவர் ஒன்பதாவது மாதத்தில் ஊன்றுகோலுடன் பத்தடி நடப்பதுண்டு. எந்த வண்டி வேண்டும் என்பது அப்போது வேறாகத் தெரியும். உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ.க்கு மாதம் ₹120 பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால், மனைவியின் பேரில் கணவருக்கும் மருத்துவம் உண்டு. பிசியோதெரபியை அங்கே தொடருங்கள். அதற்கு இடைவெளி விடவேண்டாம்.

இன்னொன்றையும் அந்த மருத்துவரிடம் கேளுங்கள். இடப்பக்கம் செயலிழந்தவர்களில் சிலருக்கு, அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்தில் படாது. தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே இருக்க, சாப்பிட்டு முடித்ததாகச் சொல்வார்கள். உங்கள் கணவரிடம் இது தெரிந்தால், தெருவில் பேட்டரி வண்டி ஓட்டுவது ஆபத்து.

தவணைக்கு வருவோம். ₹6,500ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் ₹78,000. ரொக்க விலை ₹72,000. நடுவே இருக்கும் ₹6,000க்குப் பெயர் என்ன? கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால், கணக்குப் போட்டால் இது ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. தவணை போக உங்கள் கையில் ₹9,500 நிற்கும். வாடகை, அரிசி, மருந்து எல்லாம் அதற்குள்!

வரிச்சலுகைப் பேச்சை விட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ₹1,92,000 சம்பளத்துக்கு வரியே கிடையாது. இல்லாத வரியில் எதைக் கழிப்பது? மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்கு ₹75,000, கடுமையான இயலாமை என்றால் ₹1,25,000 கழிவு இருப்பது உண்மைதான். ஆனால் அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு. நாற்காலி வாங்கிய ரசீதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கையால் தள்ளும் நாற்காலியிலும் பார்த்து வாங்க வேண்டியது உண்டு. ஒரு கையால் சக்கரத்தைத் தள்ளினால் வண்டி நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். அவருக்கு வலது காலும் நன்றாக இருப்பதால், அந்தக் கால் தரையில் நன்றாகப் பதியும் அளவுக்கு இருக்கை தாழ்வாக இருக்க வேண்டும். வலது கையால் தள்ளி, வலது காலால் தரையை உந்தி, வீட்டுக்குள் அவரே நகர்ந்துகொள்ளலாம். கைப்பிடியைக் கழற்றவும், கால்தாங்கியை ஒதுக்கவும் வசதி இருக்கட்டும். கட்டிலிலிருந்து மாறி உட்கார அது உதவும். புட்டத்தில் புண் வராமலிருக்க நல்ல மெத்தை ஒன்று தனியாக வாங்குங்கள். அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். படுக்கைப்புண் வந்தால் ஆகும் மருத்துவச் செலவில் இரண்டு நாற்காலி வாங்கிவிடலாம்.

இதற்கிடையில் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பாருங்கள். இயலாமைச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் வாங்குவது முதல் வேலை. இயலாமை 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்து, மாத வருமானம் ₹22,500க்குள் இருந்தால், ஒன்றிய அரசின் 'அடிப்' திட்டத்தில் உபகரணம் முழுக்க இலவசம். கான்பூரில் இருக்கும் அலிம்கோ நிறுவனம் செய்துதருவது அது. பேட்டரி வண்டிக்கு நிபந்தனைகள் கூடுதல். மாநில அரசும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தருகிறது, இரண்டையும் கேளுங்கள். ஒரு சூட்சுமம்: அடிப் திட்டத்தில் ஒருமுறை வாங்கினால் அதே தேவைக்கு மூன்று ஆண்டுகள் மறுபடி கேட்க முடியாது. எனவே ₹9,000 நாற்காலியைச் சொந்தக் காசில் வாங்கிவிட்டு, அரசிடம் பேட்டரி வண்டிக்கு விண்ணப்பியுங்கள்.

கிடைக்காமல் போகலாம் என்பதால் மாதம் ₹1,500 தொடர்வைப்பு ஒன்றும் தொடங்குங்கள். பேட்டரி வண்டியில் மின்சாரம் ஒரு செலவே இல்லை, ஒரு முறை சார்ஜ் ஏற அரை யூனிட் அளவில்தான் ஆகும். செலவு வைப்பது பேட்டரி. ஈய-அமில பேட்டரி என்றால் இரண்டு ஆண்டு வாக்கில் மாற்ற வேண்டிவரும். ஒரு ஜோடி என்ன விலை, பழுது பார்க்க ஆள் திருப்பூருக்கே வருவாரா என்பதை வாங்குமுன் எழுத்தில் வாங்குங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்களிடம் அளவு டேப் இருக்கும். குளியலறைக் கதவின் அகலத்தை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். பல வீடுகளில் அது இரண்டடிதான், சாதாரண நாற்காலியே இருபத்தைந்து அங்குலம் வரும். அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், உட்காரப்போவது அவர்தானே.