அரண்மனையில் கம்பெனி விருந்து: வாடகைக்குப் பின்னால் வரும் வரி

கேள்வி: லண்டன் ஹாரோவில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். 35 ஊழியர்கள். 10ஆம் ஆண்டு நிறைவை ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் இரவு விருந்தாகக் கொண்டாட ஆசை. ஊழியர்கள், அவர்களின் துணைவர்கள், 20 வாடிக்கையாளர்கள் என 90 பேர். வாடகை, சாப்பாடு, வாட் வரி எல்லாம் சேர்த்து 25,200 பவுண்டு. அரண்மனை ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில்தானே இருக்கிறது, இதை நன்கொடையாகக் காட்டலாமா சார்?

பதில்: முடியாது. ஹாம்ப்டன் கோர்ட்டைப் பராமரிக்கும் அறக்கட்டளைக்கு அரசின் பணமோ அரச குடும்பத்தின் பணமோ வருவதில்லை. நீங்கள் கொடுக்கும் வாடகை எட்டாம் ஹென்றி கட்டிய கூடத்தைக் காக்கத்தான் போகிறது. ஆனாலும் காசுக்கு மண்டபம் கிடைக்கிறதே, அது வாடகைதான்.

உங்களுடைய உண்மையான சிக்கல் வேறு. ஆண்டுதோறும் எல்லா ஊழியர்களுக்கும் வைக்கும் விருந்துக்கு, வாட் உட்பட தலைக்கு 150 பவுண்டு வரை ஊழியருக்கு வரி இல்லை. ஒரே ஒரு முறை நடக்கும் 10ஆம் ஆண்டு விழா அதில் சேராது. சேர்ந்தாலும் உங்களுக்குத் தலைக்கு 280 வருகிறது. வரம்பைத் தாண்டினால் கூடுதல் 130க்கு மட்டுமல்ல, முழு 280க்கும் வரி. துணையோடு வரும் ஊழியருக்கு 560.

விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு ஊழியர் தலையில் வரியைக் கட்டுவது சரியில்லை. ஊழியரின் வரியை நிறுவனமே கட்ட வழிசெய்யும் PAYE செட்டில்மெண்ட் ஒப்பந்தத்தை வரித்துறையோடு போட்டு நீங்களே கட்டிவிடுங்கள். 20 சதவீத வரி கட்டும் ஊழியர் ஒருவருக்கு, வரி போக 560 நிற்க வேண்டுமானால் மொத்தம் 700 என்று கணக்கு. அதில் 140 பவுண்டு வருமான வரி, அந்த 700க்கு 15 சதவீத தேசிய காப்பீடு 105, ஆக 245. 35 பேருக்கும் 8,575. சிலர் 40 சதவீத வரம்பில் இருந்தால் இன்னும் கூடும். ஆக, விருந்தின் நிஜ விலை ஏறக்குறைய 34,000 பவுண்டு.

வாடிக்கையாளர்களின் பங்கான 5,600ஐ கார்ப்பரேஷன் வரியில் செலவாகக் கழிக்க முடியாது, அதன் வாட்டும் திரும்பி வராது. அவர்களை விலக்கினாலும் மண்டப வாடகை குறையாது, மற்றவர்களுக்குத் தலைக்கு ஆகும் செலவுதான் ஏறும். அதனால் அழைக்க விரும்பினால் அழையுங்கள்.

அப்புறம், சமையல்காரர் விஷயம். அரண்மனை அங்கீகரித்த பட்டியலில் உள்ளவர்கள்தான் சமைக்க முடியும். நம்ம ஊர் சாப்பாடு வேண்டுமென்றால் முன்பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். கம்பெனி கார்டில் கட்டும் பணத்துக்குத் தனிநபர் கிரெடிட் கார்டுக்கு உள்ள, விற்றவர் ஏமாற்றினால் கார்டு நிறுவனத்திடம் பணத்தைக் கேட்க வழிதரும் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப் பாதுகாப்பு கிடையாது. நிகழ்ச்சி ரத்துக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதச் சம்பளம் வங்கியில் தனியாக இருக்கிறதா? இருந்தால் தயங்காமல் நடத்துங்கள். இல்லையென்றால், உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்குப் பதிலாக நின்றபடி சிற்றுண்டி என்று வைத்து விலை கேட்டுப் பாருங்கள்.